பீற்றருக்குப் பெண் எடுத்த இடம்

"அது சரி, உங்கடை தாய்வழி ஆர்?"

வேரோனிக்கா அன்ரி இதை ஆங்கிலத்தில்தான் கேட்கிறார். "தற் இஸ் ஓகே. யுவர் மதர் சைட் ஹூ?" தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் அகப்பை, அடுப்பில் பருப்பு. மறுமுனையில், பென்சில்வேனியாவில், ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். காப்புறுதி விற்கிற யாரோ என்று நினைத்து, உடனே வைத்துவிடும் எண்ணத்தோடு போனை எடுத்தவர். இப்போது தன் அம்மம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பருப்பு இறங்குவதற்குள் அவருடைய இரண்டு மாமன்மாரும் ஒரு பெரியம்மாவும் அன்ரியின் கைக்குள் வந்துவிடுவார்கள்.

அன்ரி எதையும் குறித்து வைப்பதில்லை. "எழுதினால் மறந்துபோகும்" என்பார்.

தொழில், கலியாணம் பேசுவது. ஒன்ராறியோவில், மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையின் கடைசி வீடு அவருடையது. பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு பொடியன் வேலையில் நிரந்தரமானால் அவனுடைய தாய்க்குத் தெரிவதற்கு முன் அன்ரிக்குத் தெரியும். போனில் படம் தள்ளித் தள்ளிப் பெண் தேடுகிற காலம் இது என்று நாங்கள் சீண்டினால் அவருக்குக் கோபம் வராது. "தள்ளட்டும், தள்ளட்டும். தள்ளிக் கை நொந்தாப்பிறகு இஞ்சைதான் வருவினம்." வருகிறார்கள். தான் பேசிச் செய்த கலியாணங்களில் அன்ரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, தான் திருத்திக் கொடுத்த கார் ஓடுகிற சத்தத்தைக் கவனிக்கும் மெக்கானிக் போல, தலையைச் சாய்த்து மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவரின் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு பழைய சவக்காலை இருந்தால் என்ன நடக்கும்?

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் புல்வெளி. அதில் பத்திருபது கல்லறைக் கற்கள், பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு. நகரசபைக்காரர் வந்து புல் வெட்டுவார்கள். எங்கள் வயதுக்காரர் சிலர் வேறு அலுவல்களுக்கு வருவார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது. அன்ரி கோப்பை கழுவும்போதெல்லாம் அந்தக் கற்களைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்துப் பார்த்து ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்விட்டது. "பக்கத்து வீட்டுக்காரர். ஆரின்ரை ஆக்கள் எண்டு தெரியாமல் எப்பிடி இருக்கிறது?"

வேலியில் ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். ஜோனாஸ் கிறைட்லர். பார்பரா கிறைட்லர். பீற்றர் கிறைட்லர். சூசன்னா கிறைட்லர். பெயர் வைக்க முதலே போய்விட்ட ஒரு குழந்தை, அதுவும் கிறைட்லர். அன்ரி திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டுத் தன் கணவர் எட்வேட் அங்கிளிடம் சொன்னார்:

"இஞ்சருங்கோ, அங்கை கிறைட்லர் எண்டு ஒரு மனிசன் இருந்திருக்கிறார். அந்தாளுக்கு எத்தினை பிள்ளையள் எண்டு நினைக்கிறியள்? எல்லாருக்கும் தேப்பன் அந்தாள்தான்!"

எங்கள் வீடுகளில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். அங்கிள் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாவம் அந்தாளின்ரை மனிசி" என்று மட்டும் சொன்னார். அந்தக் கிறைட்லர் என்ற மகா தகப்பனைத் தேடி அன்ரி ஒரு மாரிகாலம் முழுக்க அலைந்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை, அது குடும்பப்பெயர் என்று விளங்கியபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். "அவ்வளவு பிள்ளையளையும் தனிய வளர்த்த மனிசன் எண்டு ஒரு மரியாதை வைச்சிருந்தனான்."

விளங்கப்படுத்தியவர் றொனால்ட். மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் இருக்கிற ஓய்வுபெற்ற பல் வைத்தியர், உண்மையான கிறைட்லர். வருடத்துக்கு ஒருமுறை வந்து கற்களில் படிந்த பாசியைத் துடைத்துவிட்டுப் போவார். அப்படி வந்தவரை அன்ரி வேலிப் பலகையின் இடைவெளிக்குள்ளால் பிடித்தார். தேத்தண்ணி கொடுத்து விசாரித்ததில் றொனால்டுக்குத் தன் பூட்டனாருக்கு மேலே ஒன்றும் தெரியாது என்பது வெளிவந்தது. கிறைட்லர்கள் முதலில் அமெரிக்காவுக்கு வந்து, அங்கிருந்துதான் இங்கே வந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். எந்த ஊர் என்று தெரியாதாம். அன்ரி அவரைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். சம்பளத்தைச் சொல்லாத மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

அன்றைக்குத் தொடங்கியது. இப்போது அன்ரிக்குத் தெரியும். ஹான்ஸ் கிறைட்லர், அமெரிக்கா என்று ஒரு நாடு உண்டாக முதலே, ஐரோப்பாவில் சண்டையும் பஞ்சமும் துரத்த, கப்பலில் பிலடெல்பியாவுக்கு வந்து, பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர் பக்கத்தில் காடு வெட்டி வீடு கட்டியவர். அவருடைய பேரன் ஜோனாஸ், மாட்டையும் மனைவியையும் பிள்ளைகளையும் மூடுவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே நடந்து, எங்கள் வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றவர். ஹான்ஸ் கப்பலில் வந்த கதையைக் கண்டுபிடித்ததும் அன்ரி றொனால்டிடம் கேட்ட முதல் கேள்வி, "அவருக்குப் பேப்பர் கிடைச்சதோ?"

அந்தக் காலத்தில் குடியேறுகிறவர்களிடம் யாரும் பேப்பர் கேட்டிருக்கமாட்டார்கள் என்றார் றொனால்ட்.

"குடுத்து வைச்ச மனிசன்."

ஆட்களைத் தேடும் முறை, தொழிலில் பழகிய அதே முறைதான். மாப்பிள்ளையை விசாரிக்க மாப்பிள்ளை வீட்டைக் கேட்கக்கூடாது, பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டும். ஆகவே லங்காஸ்ரரில் கிறைட்லர்களைத் தேடாமல், கிறைட்லர்களின் காணிக்கு அடுத்த காணி யாருடையது என்று தேடினார். அந்த அடுத்த காணியின் இன்றைய சொந்தக்காரர்தான் மேலே சொன்ன மாட்டுப்பண்ணைக்காரர். தகவல் சொல்கிறவர் யாருடைய ஆள் என்று தெரியாமல் தகவலை நம்ப முடியாது என்பதால் முதலில் அவருடைய வம்சத்தை முடித்துவிட்டுத்தான் கிறைட்லர்களுக்கு வந்தார். அவரும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தானாகவே போன் எடுக்கிறார்.

ஒன்றுதான் அன்ரிக்குப் பிடிக்காது. "அங்கிள் எண்டு சொல்லுவினம். எந்த அங்கிள்? தாய்மாமனோ, சித்தப்பனோ, அத்தையின்ரை புருசனோ? கேட்டால் முழிப்பினம். கசின் எண்டுவினம். மச்சானும் கசின், தம்பியும் கசின். எல்லாரையும் ஒரு சாக்கிலை போட்டு வாயைக் கட்டினமாதிரி." ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து, ஒவ்வொரு கிறைட்லரையும் முறைப்படி பிரித்து வைத்தார். ஜோனாஸ் பெரியப்பா. டேவிட் சித்தப்பா. அன்ரி சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அவர்கள் அப்படியே ஆகிவிட்டார்கள். பந்து வேலிக்கு அப்பால் போனால் "பெரியப்பாவிட்டைப் போயிட்டுது" என்போம்.

போன ஒக்ரோபரில் நான் ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்துக்கொண்டு, பொழுதுபடுகிற நேரம், ஜோனாஸின் கல்லுக்குப் பின்னாலிருந்து எழும்பி நின்றேன். அன்ரி குப்பை வைக்க வெளியே வந்தவர். கத்துவார், ஓடுவார், செருப்பைக் கழற்றி எறிவார் என்று மூன்று விதமாக எதிர்பார்த்திருந்தேன். குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு வேலிக்குக் கிட்ட வந்தார்.

"வட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?"

ஆவிக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. "ஜோனாஸ்" என்று ஆவி முனகியது.

"ஜோனாஸுக்கு நாலு பொடியள். நீ எத்தினையாவது?"

ஆவி யோசித்தது. யோசித்தது பிழை.

"ராஜியின்ரை மகனே, அந்த விரிப்பை மடிச்சுக்கொண்டு போய் வை. கொம்மா உதைத் தேடப்போறா. புதுசெல்லோ அது."

கடைசியில் அன்ரியைப் பயமுறுத்தியது ஆவி அல்ல, பீற்றர்.

பீற்றர் ஜோனாஸின் மூத்த மகன். இங்கே வந்து வளர்ந்து, கலியாண வயதில் திரும்ப லங்காஸ்ரருக்குப் போய், சூசன்னா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர். இது தெரியவந்த அன்று அன்ரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் கேக்கோடு. "பாத்தீரே ராஜி! பொம்பிளையை ஊரிலை இருந்துதான் எடுத்திருக்கினம். எங்கடை ஆக்கள் மாதிரி! பொடியன் போய்ப் பாத்து, கட்டி, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்." அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது, தானே பேசி முடித்த கலியாணம் என்ற களை. சூசன்னா யாருடைய மகள் என்பது மட்டும்தான் பாக்கி. அது சும்மா ஒரு போன் வேலை.

அடுத்த ஞாயிறு மாட்டுப்பண்ணைக்காரர் அதைச் சொன்னார். சூசன்னாவா? டேவிட்டின் மகள். ஜோனாஸின் தம்பி, லங்காஸ்ரரிலேயே நின்றுவிட்டாரே, அந்த டேவிட்.

அன்ரி அடுப்பை நிற்பாட்டினார்.

"சித்தப்பான்ரை பெட்டை" என்றார், போனை வைத்த பிறகு, யாரையும் பாராமல். "தங்கச்சியை எல்லோ கட்டியிருக்கிறான்."

"அவங்களுக்கு அது கசின் தானே" என்றார் எட்வேட் அங்கிள்.

"கசின் எண்டால் சரியாப் போகுமோ? மாமன்ரை பெட்டை எண்டால் நான் ஒண்டும் சொல்லன். அத்தை பெட்டை எண்டாலும் பறவாயில்லை. சித்தப்பான்ரை பெட்டை!"

"அவன் கட்டி, பெத்து, செத்தும் போனான். இனி உவ போய் மறிக்கப்போறா" என்று அங்கிள் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்ததற்கு எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

அன்று மத்தியானம் அன்ரி கோப்பை கழுவும்போது ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். வீட்டில் நடந்துவிட்ட ஒன்றுக்காக அக்கம்பக்கத்தின் முகத்தைப் பார்க்கக் கூசுகிற மாதிரி. இங்கே அக்கம்பக்கமே அவர்கள்தான் என்பதுதான் சங்கடம்.

ஜூலையில் ஒன்றுகூடல். றொனால்ட் ஒழுங்கு செய்தது. ஒன்ராறியோ, பென்சில்வேனியா, ஒஹாயோ, எங்கெங்கோ இருக்கிற கிறைட்லர்கள் எல்லாரும் மார்க்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவது, அன்ரி எழுதுகிற வம்ச மரத்தைச் சுவரில் தொங்கவிடுவது என்று ஏற்பாடு. மரத்துக்குத் தாளும் வந்துவிட்டது. கலியாண மண்டபங்களில் மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் தாள், ஒரு முழு உருளை. அன்ரி அதை வரவேற்பறையில் நீட்டாக விரித்து, முழங்காலில் நின்று, தடித்த பேனையால் எழுதினார். ஹான்ஸ், ஹான்ஸின் பிள்ளைகள், ஜோனாஸ், டேவிட், ஜோனாஸின் நான்கு மகன்மார். பீற்றருக்கு வந்தார். பீற்றர் என்று எழுதினார். பேனையை மூடினார்.

"பீற்றர் கலியாணம் கட்டேல்லையோ அன்ரி?" என்றேன்.

"நாலு பேர் பாக்கிற இடம், தம்பி. அதுகளின்ரை மானம். சொல்லாமல் விடுறது பொய் இல்லை." தொழிலில் அவர் கடைப்பிடிக்கிற சட்டம் இது. ஒரு வீட்டுக் குறையை அன்ரி ஒருநாளும் மறைத்துப் பொய் சொன்னதில்லை. அந்த இடத்துக்கு வரும்போது தேத்தண்ணி குடிப்பார்.

"அப்ப லோயிஸ்? வானத்திலை இருந்து விழுந்தவவோ?"

லோயிஸ் என்பவர் ஒஹாயோவில் இருக்கிறார். எண்பது தாண்டியவர், விதவை, பிள்ளை குட்டி, கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. பீற்றர், சூசன்னா வழியில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள். தேடத் தொடங்கி முதலில் அகப்பட்டவர்களில் ஒருவர் என்பதால் அன்ரிக்கு அவர்மேல் தனி வாரப்பாடு, தனி ஒட்டுதல். இருவரும் போனில் முழங்கால் வருத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்றுகூடலுக்குக் கட்டாயம் வருவேன் என்றிருந்தார் லோயிஸ். கணவர் வழி மருமகள் காரில் கூட்டி வருகிறாளாம். என் பெயருக்குக் கீழே எழுத ஒருவரும் இல்லை, மேலே யார் யார் இருக்கிறார்கள் என்றாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொன்னதை அன்ரிதான் எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அன்ரி திரும்பவும் தாளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வழி தேடினார். லோயிஸை ஜோனாஸுக்கு நேரே கீழே வளர்ப்புப்பிள்ளை என்று எழுதினால் என்ன? இருநூறு வருட இடைவெளி இடித்தது. ஓரத்தில் ஒரு பூப் போட்டு அதற்குள் எழுதினால்? "அது செத்தாக்களுக்குப் போடுறமாதிரி இருக்கும்" என்றார் அங்கிள். சூசன்னாவை வேறு யாருக்காவது மகளாக்கிவிடலாமே என்றேன் நான். "பொய் எழுதச் சொல்லுறியோ?" என்று அகப்பையைத் தூக்கினார்.

ஆனால் பீற்றருக்குக் கீழே ஒரு நீண்ட வெள்ளை அப்படியே இருந்தது. மற்றக் கிளைகளையெல்லாம் நெருக்கி நெருக்கி எழுதியவர், அங்கே மட்டும் கை வைக்கவில்லை.

"உந்த இடத்தை ஏன் விட்டனீங்கள்?"

"தாள் மிச்சம்" என்றார்.

ஒன்றுகூடல் அன்று அன்ரி கலியாணத்துக்குப் போவது போலத்தான் போனார். மயில் நீலச் சேலை, கொண்டை, இரண்டு றேத் தட்டு நிறைய, இறைச்சி வைத்துச் சுற்றிப் பொரித்த உறைப்பு ரோல்ஸ். மண்டபத்தில் உருளைக்கிழங்கு சாலட்டும் அப்பிள் பைப் பலகாரமும் நிறைந்த மேசைக்கு நடுவில் ரோல்ஸை வைத்தார். கிறைட்லர்கள் ஒவ்வொருவராகக் கடித்து, கண் கலங்கி, தண்ணீர் குடித்து, திரும்ப வந்து இன்னொன்று எடுத்தார்கள். அன்ரி எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முன்பின் பார்த்திராத இரண்டு பேரைக் கையில் பிடித்து நிறுத்தி, "நீங்கள் ரெண்டு பேரும் மச்சான்மார். கதையுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் கதைத்தார்கள்.

தாள் ஒரு சுவரின் நீளத்துக்குத் தொங்கியது. எல்லாரும் விரலால் தொட்டுத் தொட்டுத் தங்களைக் கண்டுபிடித்தார்கள். கண்டவர்கள் சின்னப்பிள்ளைகள் மாதிரி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

லோயிஸ் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்த, நெடிய மனுஷி. ஹான்ஸைத் தொட்டார், ஜோனாஸைத் தொட்டார், பீற்றரைத் தொட்டார். விரல் கீழே இறங்கியது. வெள்ளை. இன்னும் இறங்கியது. வெள்ளை. பிறகு பக்கத்துக் கிளைகளில் தேடினார். சுவரின் அந்தம் வரை போய், இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டவர் போல, திரும்பவும் பீற்றரிடமே வந்து நின்றார். அன்ரி ரோல்ஸ் றேயோடு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேரோனிக்கா, நான் எங்கே?"

அன்ரி றேயை என் கையில் திணித்துவிட்டு, லோயிஸின் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் ஒரு குறையைச் சொல்கிற குரலில் சொன்னார். பீற்றர் கட்டியது சொந்தச் சித்தப்பாவின் மகளை. எங்கள் ஆட்களுக்கு அது அண்ணன் தங்கை. உங்களுக்கு நாலு பேர் முன்னிலையில் வெட்கம் வரக்கூடாது என்று... ஆங்கிலம் பாதியிலேயே தீர்ந்துபோக, மிச்சத்தைக் கையால் சொன்னார்.

லோயிஸ் கேட்டு முடித்தார். பிறகு சிரித்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அது அவர் பிறந்ததிலிருந்து தெரிந்த கதையாம். நாங்கள் பீற்றர் வழியிலும் சூசன்னா வழியிலும் இரண்டு தரம் கிறைட்லர் என்று அவருடைய அப்பா பெருமையாகச் சொல்லித் திரிவாராம். மற்றவர்கள் எல்லாம் ஒரு தரம்தானாம். சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார்.

"உன்னால் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நினைத்துவிட்டேன்."

"கண்டுபிடிக்காமலோ!" அன்ரிக்குத் தமிழ் வந்துவிட்டது. "உங்களையோ? நான் கண்டுபிடிக்காமலோ! டேய், கதிரையைக் கொண்டு வா!"

கதிரையில் ஏறினார். தடித்த பேனையின் மூடியை வாயில் கடித்துக்கொண்டு, பீற்றருக்குப் பக்கத்தில் சூசன்னா என்று எழுதினார். இருவருக்கும் நடுவில் கோடு போடும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டார். அங்கிருந்து அவர்களின் மகன் ஏப்ரகாம், ஏப்ரகாமின் மகன், அவருடைய மகன் என்று ஒரு பேப்பரையும் பாராமல், ஒருவரையும் கேளாமல் இறங்கி வந்தார். விட்டிருந்த இடம் சரியாகப் போதுமாக இருந்தது. கடைசியில் லோயிஸ். எல்லா எழுத்தையும்விட அது ஒரு சுற்றுப் பெரிது.

லோயிஸ் அந்தப் பெயரை விரலால் தொடவில்லை. உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது பார்த்து றொனால்ட் படம் எடுக்க எல்லாரையும் கூப்பிட்டார். கிறைட்லர்கள் சுவரை நிறைத்து நின்றார்கள். படம் எடுக்கப் பிடித்துவைத்த ஆள் தள்ளித் தள்ளிப் பின்னால் போனார்.

"அன்ரி, இறங்குங்கோ" என்றேன், கதிரையைப் பிடித்தபடி.

"முழங்கால் ஏலாது. நான் இஞ்சையே நிக்கிறன்."

நின்றார். எல்லாருக்கும் மேலே ஒரு தலை உயரத்தில், நன்றாகச் சுவரோடு ஒட்டி, பீற்றருக்கும் சூசன்னாவுக்கும் நடுவில் இருந்த கோடு தன் தோளுக்குப் பின்னால் முழுக்க மறைகிற மாதிரி. பிறகு கீழே குனிந்து பார்த்து, மயில் நீலச் சேலைத் தலைப்பை ஒரு கையால் இழுத்து ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார், லோயிஸ் என்ற பெயர் படத்தில் விழட்டும் என்று.